இருண்ட திரையில் விழுந்த பட்டைகள்

மூன்று நாள் இதிலேயே போனது. மேடை நாடக வீடியோ பதிவை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எக்ஸ்265-க்கு (வீடியோவைச் சுருக்கும் என்கோடர்) மாற்றினால், இருண்ட பின்திரையில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண்ணை (குறைந்தால் தரம் கூடும்) 22-லிருந்து 16 ஆக்கினேன். கோப்பு இரு மடங்கானது, பட்டை போகவில்லை. சுருக்கும் வேகத்துக்கான பிரீசெட்டை ‘ஸ்லோ’வுக்கு மாற்றியும் பலனில்லை.

என்கோடரை 10 பிட் எக்ஸ்265 (நிறச் சாயல்களை 8 பிட்டைவிட நுணுக்கமாகப் பிரிப்பது) ஆக்கி, கூடுதல் விருப்பங்களில் ஏக்யூ மோடை 3 என வைத்ததும் தீர்ந்தது. இருண்ட பகுதிகளுக்கு இந்த மோட் அதிக தரவு ஒதுக்கும். மூலம் 8 பிட்தானே என்று பலரும் 10 பிட்டைத் தொடுவதில்லை. ஆனால் சுருக்கும்போது நிற மதிப்புகள் அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்கப்படுவதிலும் பட்டை பிறக்கிறது. நாய்ஸ் நீக்கும் ஃபில்டரையும் அணைத்துவிடுங்கள், அந்த மெல்லிய புள்ளிகள்தான் பட்டையை மறைப்பவை. இப்போது சிஆர்எஃப் 20 போதுகிறது.

பழைய டிவிக்கு என்றால் 30 வினாடித் துண்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். சில சிப்புகள் 10 பிட்டை ஓட்டாது.