கலப்புப் பின்னக் கழித்தல்: கடன் வாங்கினால் எத்தனை சேர்க்க வேண்டும்?

கலப்புப் பின்னங்களை (5⅞ போல முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தவை) கழிக்கும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: முதல் எண்ணில் உள்ள பின்னம் சிறியது, கழிக்க வேண்டிய பின்னம் பெரியது. மற்றதெல்லாம் சாதாரணக் கழித்தல். எளிதானதைச் சட்டென்று முடித்துவிட்டு அங்கே போய்விடலாம்.

எளிய கணக்கு: 5⅞ − 2⅜

முழு எண்களைத் தனியாகக் கழியுங்கள்: 5 − 2 = 3. பின்னங்களைத் தனியாகக் கழியுங்கள்: 7/8 − 3/8 = 4/8. இதைச் சுருக்கினால் ½. விடை 3½. பகுதி (கீழே உள்ள எண்) இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் தொகுதிகளை (மேலே உள்ள எண்களை) மட்டும் கழித்தோம். பகுதியைத் தொடவே கூடாது.

இனி சிக்கலான கணக்கு: 7¼ − 2⅝

தச்சுப் பட்டறையில் தினமும் வருகிற கணக்குதான் இது. 7¼ இஞ்சு அகலப் பலகையில் 2⅝ இஞ்சு அறுத்து எடுத்தால் மீதி எவ்வளவு? (ரம்பம் தின்னும் மரத்தூளை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

படி 1: பகுதிகளைச் சமமாக்குங்கள். 4, 8 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 8. ¼ என்பது 2/8. ஆகவே கணக்கு 7 2/8 − 2 5/8 என்று மாறுகிறது.

படி 2: கழிக்க முடியுமா என்று பாருங்கள். 2/8-இலிருந்து 5/8 போகாது. இந்த இடத்தில் பல பிள்ளைகள் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு, 5-இல் 2 போனால் 3 என்று எழுதி, 5⅜ என்று முடித்துவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத் தெரியும், ஆனால் தவறு.

படி 3: முழு எண்ணிடம் 1 கடன் வாங்குங்கள். 7 இப்போது 6 ஆகிவிட்டது. வாங்கி வந்த 1-ஐ எப்படிச் சேர்ப்பது? சாதாரணக் கழித்தலில் 10 சேர்த்தே பழகிய கை, இங்கேயும் 2-ஐ 12 ஆக்கப் பார்க்கும். அது கூடாது. இங்கே பகுதி 8. ஒரு முழுமையில் எட்டு எட்டிலொரு பங்குகள் இருக்கின்றன; 1 = 8/8. எனவே சேர்க்க வேண்டியது 8.

2/8 + 8/8 = 10/8
7 2/8 = 6 10/8

ஆசாரிகளுக்கு இதில் குழப்பமே வராது. அவர்கள் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். 7 இஞ்சு 2 நூலில் 5 நூல் போகாது என்றால், ஒரு இஞ்சை உடைத்து 6 இஞ்சு 10 நூல் ஆக்கிக்கொள்வார்கள். பத்து நூல் சேர்க்கலாமா என்ற சந்தேகமே அங்கே எழாது.

படி 4: இப்போது கழியுங்கள். 6 − 2 = 4. 10/8 − 5/8 = 5/8. விடை 4⅝ இஞ்சு, அதாவது 4 இஞ்சு 5 நூல்.

சரிபார்க்க, கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணித் தருவது போல 2⅝-இலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். 3-ஐத் தொட ⅜ வேண்டும். 3-இலிருந்து 7 வரை 4. அங்கிருந்து இன்னும் ¼, அதாவது 2/8. கூட்டினால் 4⅝. மனக்கணக்காகவே முடிந்துவிடும் என்பதால் எனக்குப் பிடித்த வழி இது.

பின்னமே இல்லாத முழு எண்ணிலிருந்து கழிப்பது எப்படி?

5 − 2¾ என்று வந்தால் 3¾ என்று எழுதிவிடத் தோன்றும். 5-க்குப் பக்கத்தில் பின்னம் இல்லை என்றால் கடன் வாங்கி உண்டாக்குங்கள். பகுதி 4 என்பதால் 5 = 4 4/4. அதில் 2¾ போனால் 2¼.

தகா பின்னமாக (தொகுதி பகுதியைவிடப் பெரிதாக உள்ள பின்னமாக) மாற்றிச் செய்யலாமே?

தாராளமாக. 7¼ = 29/4 = 58/8; 2⅝ = 21/8. கழித்தால் 37/8, அதாவது 4⅝. கடன் வாங்கும் வேலையே இல்லை. ஆனால் எண்கள் பெரிதானால் இந்த வழி கழுத்தை அறுக்கும். 48 1/6 − 19 3/4 கணக்கை இப்படிச் செய்தால் 578/12 − 237/12 என்று போய், 341-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும். கடன் வாங்கினால் 47 14/12 − 19 9/12 = 28 5/12. இரண்டே வரி. சிறிய எண்களுக்கு எந்த வழியும் சரி. பெரிய எண்களுக்குக் கடன் வாங்குவதே மேல்.

நீங்களே செய்து பாருங்கள்:

அ) 9 − 4⅖
ஆ) 6⅓ − 2½
இ) 5 1/6 − 3⅔
ஈ) 8¾ − 3 1/6

விடைகள்: அ) 4⅗, ஆ) 3 5/6, இ) 1½ (1 3/6 என்று நிறுத்தியிருந்தால் சுருக்குங்கள்), ஈ) 5 7/12. கடைசிக் கணக்கில் கடன் வாங்கத் தேவையே இல்லை. பழக்க தோஷத்தில் வாங்கியிருந்தால் 4 19/12 என்று வந்திருக்கும். அதுவும் தவறில்லை, 19/12-ஐ 1 7/12 ஆக்கி 4-உடன் கூட்டினால் அதே விடைதான்.