பழைய லேப்டாப், புது எஸ்எஸ்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜரைக் கழற்றிவிட்டுத் திறக்கவும், ஸ்க்ரூவைத் தொலைக்காதீர்கள், ஈரக்கையோடு தொடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. தவறினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முதல்முறை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) மாற்றுகிறவர்கள் உதவி கேட்டு வரும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு தவறுகள். சிலவற்றால் பணம் போகும், சிலவற்றால் ஒரு முழுநாள் போகும். ஒன்றால் மட்டும், எவ்வளவு செலவழித்தாலும் திரும்பி வராதது போகும். அதைப் பற்றி நீளமாகவே எழுதுகிறேன்.

எம்.2 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

எம்.2 என்பது அட்டையின் வடிவத்துக்கும் இணைப்புக்கும் உள்ள பெயர். தகவல் சாட்டா என்ற பழைய வழியாகப் போகிறதா, பிசிஐஇ என்ற வேகமான வழியாக என்விஎம்இ முறையில் போகிறதா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. புதிதாக மாற்றுகிறவர்கள் அட்டையின் இணைப்பு முனையில் உள்ள வெட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, எம் வகை (எம் கீ) எனப்படும் பக்கம் ஒற்றை வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ என்பது அட்டையைப் பொறுத்தவரை சரி. ஆனால் லேப்டாப்பின் ஸ்லாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எம் வகை வெட்டுக்கு இடம் விட்டிருக்கும் ஸ்லாட்டிலேயே சாட்டா இணைப்பை மட்டும் கொடுத்த பழைய லேப்டாப்கள் நிறைய உண்டு. அதில் என்விஎம்இ அட்டை கச்சிதமாக உட்காரும், ஸ்க்ரூவும் ஏறும். பயாஸில் (லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மட்டும் எதுவும் தெரியாது. டிரைவ் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டு, அதே வகையில் இன்னொன்றை வரவழைத்து, அதையும் பழுது என்று சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு டிரைவுமே நன்றாக இருந்தவை.

அளவையும் கவனியுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242க்கு மட்டும் இடமுள்ள லேப்டாப்பில் அது நுழையாது.

சரியான விடை தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருக்கும் முழு மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த மாடல்களுக்குள்ளேயே ஸ்லாட் மாறியிருக்கும். 2013 நடுப்பகுதி முதல் 2015 வரை வந்த மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோக்களில் இருப்பது எம்.2 அல்ல, ஆப்பிளின் சொந்த இணைப்பு. அங்கே சாதாரண என்விஎம்இ டிரைவ் போட அடாப்டர் வேண்டும். அதற்கு முன் மேக்ஓஎஸ் ஹை சியராவையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவி, அதோடு வரும் ஃபர்ம்வேரையும் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றியிருக்க வேண்டும்.

எம்சாட்டாவை எம்.2 என்று நினைப்பது

எம்சாட்டா என்பது எம்.2க்கு முன் வந்த சிறு அட்டை வடிவம். இரண்டும் வேறு. ஒன்று மற்றதில் பொருந்தாது.

ஸ்லாட் இருந்தால் பூட் ஆகும் என்று நம்புவது

ஸ்லாட்டில் பிசிஐஇ இருந்தாலும், என்விஎம்இ டிரைவிலிருந்து தொடங்கும் திறன் பயாஸுக்கு இருக்க வேண்டும். 2014க்கு முன் வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் அது கிடையாது. விண்டோஸ் உள்ளே போனபின் டிரைவ் தெரியும், ஆனால் அதிலிருந்து விண்டோஸ் தொடங்காது. பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

சாட்டா 2 என்று தெரிந்ததும் கைவிடுவது

இது எதிர்த்திசைத் தவறு. சாட்டா 3இல் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி கிடைக்கும், சாட்டா 2இல் 280 எம்பிக்கும் குறைவு. "பாதி வேகம்தானே, எதற்கு மாற்ற வேண்டும்" என்று ஹார்ட் டிஸ்க்கோடு ஆண்டுக்கணக்கில் தவிக்கிறார்கள். அன்றாடம் நீங்கள் உணர்வது அந்த எண்ணை அல்ல. ஹார்ட் டிஸ்க் ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்க 10 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லிநொடி அளவே போதும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால், சாட்டா 2இலும் வித்தியாசம் உடனே தெரியும். உங்கள் போர்ட் எது என்று அறிய கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் போதும். இப்போது ஓடும் வேகத்தையும் டிரைவ் தாங்கும் வேகத்தையும் அருகருகே காட்டும்.

பிட்லாக்கர் சாவி இல்லாமல் தொடங்குவது

பிட்லாக்கர் என்பது டிரைவில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் (என்கிரிப்ட் செய்யும்) விண்டோஸ் வசதி. "நான் பிட்லாக்கர் எதுவும் போடவே இல்லையே" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். விண்டோஸ் 8.1 முதல், வன்பொருள் ஏற்றதாக இருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினாலே 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். வேலையைத் தொடங்கும் முன் அந்தச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். நேரம் இருந்தால் என்கிரிப்ஷனை முழுவதும் நீக்கிவிட்டே குளோன் செய்யுங்கள், அதாவது பழைய டிரைவை அப்படியே புதியதில் நகலெடுங்கள்.

குளோன் மெதுவானதும் கேபிளைப் பிடுங்குவது

முதல் சில நிமிடங்கள் வேகமாக ஓடிய குளோன் திடீரென்று ஊர ஆரம்பிக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்து யுஎஸ்பியைக் கழற்றிவிடுகிறார்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில், முக்கியமாக ஒரு செல்லில் நான்கு பிட் எழுதும் க்யூஎல்சி வகையில், வேகமாக எழுதும் கேஷ் பகுதி நிரம்பியதும் எழுதும் வேகம் நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே போகலாம். டிரைவ் பழுதாகவில்லை, அதன் இயல்பு அது. விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

பழைய டிரைவை அன்றைக்கே ஃபார்மேட் செய்வது

எனக்கு இன்றும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். புது டிரைவிலிருந்து விண்டோஸ் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீடியோக்களும் அப்படித்தான் சொல்லித்தருகின்றன. கடைசி நிமிடத்தில், பழைய எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, "இதை ஃபார்மேட் பண்ணி பென்டிரைவ் மாதிரி வச்சுக்கலாம்" என்று ஒரு கூடுதல் யோசனையும் வரும். அந்த ஒரு வரியால் அழிந்தவற்றைப் பார்த்தபின் இதைக் கோபமில்லாமல் எழுத எனக்கு வரவில்லை.

நண்பனின் தங்கை ஒருத்தி. ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பேசி, அத்தனையையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். 256 ஜிபி எஸ்எஸ்டியில் சி, டி என்று இரண்டு பார்ட்டிஷன் (டிரைவைப் பிரித்த பகுதிகள்). பதிவுகள் எல்லாம் டியில். குளோன் மென்பொருளில் இரண்டு தேர்வுகள் இருந்தன: முழு டிஸ்க்கையும் குளோன் செய்வது, சிஸ்டத்தை மட்டும் குளோன் செய்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அது விண்டோஸ் தொடங்கத் தேவையான பார்ட்டிஷன்களை மட்டும் எடுத்துக்கொண்டது. புது டிரைவ் அழகாகத் தொடங்கியது. டெஸ்க்டாப் படம், பிரவுசரில் திறந்து வைத்திருந்த பக்கங்கள், எல்லாம் அப்படியே இருந்தன. அன்று மாலையே பழையதை க்விக் ஃபார்மேட் செய்துவிட்டாள். சில நாள் கழித்து ஒரு பதிவைத் தேடியபோதுதான் டி டிரைவே இல்லை என்று தெரிந்தது.

என்னிடம் வந்தபோது அவளுக்குப் பதற்றம்கூட இல்லை. "க்விக் ஃபார்மேட்தானே அண்ணா, ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா வந்துரும்ல?" என்றாள்.

ஹார்ட் டிஸ்க் காலத்தில் அந்த நம்பிக்கை சரிதான். அங்கே க்விக் ஃபார்மேட் என்பது வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றுவதோடு நின்றுவிடும். வீட்டுக்குள் சாமான் எல்லாம் இருக்கும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது, முதலில் ஒரு பெரிய தொகுதியாக அழித்தாக வேண்டும். அதனால் எந்தெந்த இடம் இனி தேவையில்லை என்று இயங்குதளம் டிரைவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தக் கட்டளையின் பெயர் ட்ரிம். விண்டோஸ் 7 முதல் இது உண்டு. ஃபார்மேட் செய்யும்போது, க்விக் ஃபார்மேட்டாக இருந்தாலும், அந்தப் பார்ட்டிஷன் முழுவதற்கும் ட்ரிம் போய்விடும். அதன்பின் அந்த இடங்களைப் படித்தால் பல டிரைவ்கள் வெறும் பூஜ்யங்களையே தரும். உள்ளே சிப்பில் மிச்சம் ஏதாவது இருந்தாலும் டிரைவை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் அதைக் காட்டாது. ரெக்கவரி மென்பொருள் மணிக்கணக்கில் ஓடி முடித்தபோது அவளுக்குக் கிடைத்ததும் பூஜ்யங்கள்தான். அந்தப் பதிவுகளில் பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

எல்லா யுஎஸ்பி கேஸும் ட்ரிம் கட்டளையை டிரைவுக்குக் கடத்துவதில்லை. அதனால் தப்பித்தவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் "எனக்கு எல்லாம் திரும்பி வந்துச்சே" என்ற வார்த்தைதான் அடுத்தவரை நம்பவைத்துக் கவிழ்க்கிறது.

பார்ட்டிஷன் விடுபடுவது ஒரு வழி மட்டுமே. படிக்க முடியாத செக்டர்களை (டிரைவின் சிறு பகுதிகளை) தாண்டிச் செல்லும்படி குளோன் மென்பொருளில் ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டிருந்தால் சில கோப்புகள் பெயரோடு இருக்கும், உள்ளே ஓட்டையாக இருக்கும். போலி எஸ்எஸ்டி என்றால் இன்னும் மோசம். 64 ஜிபி மட்டுமே உள்ள சிப்பை 1 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லவைத்து விற்கிறார்கள். எழுதும்போது பிழை வராது, கோப்புப் பெயர்களும் தெரியும், திறந்தால்தான் குப்பை என்று தெரியும். பெயர் தெரியாத டிரைவ் வாங்கினால், ஒரு கோப்பையும் ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். நல்ல நிறுவனத்தின் டிரைவே ஆனாலும், புதிதாக வந்த வாரத்தில் செத்துப்போவது நடக்காததல்ல.

குளோன் முடிந்ததும் லேப்டாப்பை அணையுங்கள். பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஒருமுறை தொடங்குங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால், சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். பிறகு பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையையும், முக்கியமான ஃபோல்டர்களின் அளவையும், கோப்புகளின் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஃபோல்டரைப் பார்ப்பதோடு நிற்காமல், பழைய, பெரிய கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். அந்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்கும் வரை பழைய எஸ்எஸ்டியைத் தொடவே வேண்டாம். தேதி எழுதி ஒட்டி, உறையில் போட்டு வையுங்கள். யுஎஸ்பியில் இணைத்தபோது அது பிட்லாக்கர் சாவி கேட்டு நின்றால், "எப்படியும் திறக்கவில்லை" என்று ஃபார்மேட்டை அழுத்தாதீர்கள். சாவியைத் தேடுங்கள்.

அதற்காக, ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்டு அதையே பேக்கப் என்று நம்பவும் கூடாது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் ஃபிளாஷில் மின்னேற்றம் மெல்லக் கசியும். ஆயுள் முடியும் நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்றுதான் நினைவகங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையே கேட்கிறது. அதிகம் தேயாத டிரைவ் கூடுதலாகத் தாங்கும். உங்கள் பழைய டிரைவ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்பேட்டரியை விட்டுவிடுவது

சார்ஜரைக் கழற்றினாலும் போர்டில் மின்சாரம் இருக்கும். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் பயாஸிலேயே உள்பேட்டரியை முடக்கும் தேர்வு உண்டு.

நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் போடுவது

மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

டிவிடி இடத்தில் எஸ்எஸ்டியைப் போடுவது

பல பழைய லேப்டாப்களில் அந்த இணைப்பு வேகம் குறைந்தது. எஸ்எஸ்டி முதன்மை இடத்துக்குப் போகட்டும், பழைய ஹார்ட் டிஸ்க் டிவிடி கேடிக்கு (டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் பொருந்தும் சட்டகம்) வரட்டும். கேடி 9.5 மில்லிமீட்டரா 12.7 மில்லிமீட்டரா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

விற்கும் முன் கோப்புகளை மேலெழுதி அழிப்பது

பேக்கப் எல்லாம் சரிபார்த்து, பழையதைக் கைமாற்ற முடிவு செய்தபின் மட்டும் இது. ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்வதுபோல் மேலே மேலே எழுதினால் எஸ்எஸ்டியில் முழுவதும் அழிந்ததாகச் சொல்ல முடியாது. கன்ட்ரோலர் ஒதுக்கி வைத்திருக்கும் பகுதிகளை வெளியிலிருந்து எழுத வழியில்லை. டிரைவ் தயாரிப்பாளரின் கருவியில் உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும். லேப்டாப்புக்குள் மாட்டியிருக்கும் சாட்டா டிரைவ் "ஃப்ரோசன்" என்று சொல்லி மறுத்தால், அது பயாஸ் போடும் பூட்டு. லேப்டாப்பை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விலகிவிடும். கட்டளையை அழுத்தும் முன் திரையில் காட்டும் சீரியல் எண்ணும் டிரைவ் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.