டியூ டேட் தாண்டியும் வலி வரவில்லையா? வீட்டில் பெற நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் நான் நடத்தும் பிரசவ வகுப்புக்கு இப்போது இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒன்று, முதல் பிள்ளை சுமக்கும் தம்பதிகள். இன்னொன்று, டூலா வேலைக்கு, அதாவது பிரசவத்தில் தாய்க்குத் துணையாகக் கூட இருக்கும் வேலைக்கு, புதிதாக இறங்கியிருக்கும் பெண்கள். லேபர் வார்டிலிருந்து ஓய்வு பெற்று வந்தாலும் எல்லோருக்கும் நான் இன்னமும் "மிஸ்ஸி"தான்; இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்து, தொட்டி வாங்கி, மெழுகுவர்த்தி வாங்கி, குறித்த நாளும் வந்து போய், வலி மட்டும் வராமல் ஒரு வாரம் ஓடுகிறதே, அந்த வாரத்தில் இவர்கள் அடிக்கும் கூத்து எனக்குப் புதிதில்லை. என் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துத்தான். இவர்கள் ஃபோனைப் பார்த்து அடிக்கிறார்கள், அவ்வளவே.

நன்றாக நட, நன்றாகத் தூங்கு, பையை எடுத்து வை என்பதெல்லாம் உங்கள் அத்தையே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

கடைசி ஸ்கேனைப் பார்த்து நாளைத் தள்ளிப்போடுவது

டியூ டேட் என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்குக் கரு தங்குவதே ஒரு வாரம் தள்ளித்தான். அவர் கிளினிக் புத்தகத்தில் 41 வாரம் என்று எழுதியிருந்தால் உண்மையில் 40-ஆக இருக்கலாம். இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன். அதில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு மேல் தப்பாது. கடைசி மாதத்து ஸ்கேனில் மூன்று வாரம் வரைகூடத் தப்பலாம்.

ஆனால் நடப்பது என்ன? 36-ஆவது வாரம் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். மெஷின் பழைய தேதிக்குப் பத்து நாள் பின்னால் ஒரு புதுத் தேதியைக் காட்டும். உடனே வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, "இன்னும் டைம் இருக்கு" என்று. மெஷின் பிள்ளையின் அளவை வைத்துத்தான் வயதைச் சொல்கிறது. பிள்ளை சின்னதாக இருந்தால் வயதையும் குறைத்துத்தான் காட்டும். பிள்ளை ஏன் சின்னதாக இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரத்தில் நாளைத் தள்ளிப்போட்டால், நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாத ஒரு பிள்ளையை இன்னும் பத்து நாள் உள்ளே பட்டினி போட்டதாக ஆகிவிடலாம். ஆரம்ப ஸ்கேனில் குறித்த தேதியை அப்புறம் மாற்றாதீர்கள்.

"42 வரை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்காமல் இருப்பது

41 வாரம் நிறைந்ததும் இண்டியூஸ் செய்ய, அதாவது மருந்தோ வேறு வழியோ கொண்டு வலி வர வைக்க, பரிந்துரைக்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இங்கே அரசு மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் டியூ தாண்டி ஏழாம் நாள் அட்மிட் ஆகச் சொல்வார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதற்கு முன்பே. 41-இல் வலி வர வைப்பதையும் 42 வரை விட்டுவைப்பதையும் ஒப்பிட்ட சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. காத்திருந்தவர்கள் பக்கம் ஆறு பிள்ளைகள் இறந்துபோனதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இண்டியூஸ் செய்தவர்கள் பக்கம் ஒரு இறப்பும் இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 2,700 தாய்மாருக்கு மேல். ஆக, ஒருவருக்கு வரும் ஆபத்து என்று பார்த்தால் சின்னதுதான். வந்தால் திருத்த முடியாதது.

இதைத் தெரிந்துகொண்டு "நான் இன்னும் சில நாள் காத்திருக்கிறேன் மிஸ்ஸி" என்று ஒரு தாய் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் காத்திருக்கும் நாட்களில் வாரம் இரண்டு முறையாவது பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சி.டி.ஜி எடுக்க வேண்டும், பனிக்குடத்து நீர் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். அதற்கு யாரிடம், எந்தக் கிழமை போகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை.

அப்புறம், "இண்டியூஸ் பண்ணினால் கடைசியில் வயிற்றைக் கிழிப்பார்கள்" என்ற பயம். 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், முதல் பிள்ளைக்காரர்களுக்கு 39-ஆம் வாரத்திலேயே இண்டியூஸ் செய்து பார்த்தார்கள். அதில் 18.6 விழுக்காட்டினருக்குத்தான் சிசேரியன். காத்திருந்தவர்களில் 22.2. நம் கதை 41 வாரக் கதை, சரி. ஆனாலும் அந்தப் பயத்துக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

குடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வது

இதை எழுதும்போதே எனக்குக் கடுப்பு ஏறுகிறது.

டியூ தாண்டியதும் வீட்டுக்குள் ஒரு மருந்துக் கடையே வந்துவிடும். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ரும்புட் பாத்திமா கொண்டு வருவார். மூடிய கைபோல உலர்ந்து சுருண்ட பாலைவனச் செடி அது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் மெல்ல விரியும். அது விரிவதுபோல் கருப்பை வாயும் விரியும் என்று நம்பி அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பெயரில் பாத்திமா இருக்கிறதே என்று கச்சிப் பாத்திமா காபித்தூளை வாங்கிக் கலக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வேறு செடி! மாமியார் பங்குக்கு விளக்கெண்ணெய். பேரீச்சம்பழத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, சாப்பிடுங்கள். மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி வாரங்களில் தினமும் பேரீச்சம்பழம் சாப்பிட்டவர்களுக்கு வலி சீக்கிரம் தொடங்கிவிடவில்லை. தொடங்கிய பிறகு வலியைக் கூட்ட டிரிப் போட வேண்டிய தேவைதான் குறைந்தது.

என் கோபம் மற்ற இரண்டின் மேல். கெப்போங் பக்கம் ஒரு பெண், முதல் பிள்ளை, 41 வாரம் தாண்டிவிட்டது. வீட்டுப் பிரசவத்துக்கு எல்லாம் ஏற்பாடு. மறுநாள் காலை மருத்துவமனையில் அட்மிட் ஆகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் வீட்டிலேயே வலி வந்துவிட்டால் போகவே வேண்டாமே என்று இரவு எவர்சில்வர் டம்ளரில் விளக்கெண்ணெய், நாற்றம் தெரியாமல் இருக்க மேலே மைலோ. கூடவே ஃபிளாஸ்க் நிறைய மக்சிக் கொடுத்த தண்ணீர். ராத்திரி முழுக்க வயிற்றால் போனது. வலி வரவில்லை. விடிந்ததும் வாடிப்போன முகத்தோடு அட்மிட் ஆனாள்.

வார்டில் கேட்டார்கள், வீட்டில் ஏதாவது மருந்து சாப்பிட்டாயா என்று. இல்லை என்று தலையாட்டிவிட்டாள். திட்டுவார்கள் என்ற பயம். சி.டி.ஜி நன்றாக இருந்தது, வலியைத் தொடங்க வைக்கும் ப்ராஸ்டின் மருந்தை உள்ளே வைத்தார்கள். மதியத்துக்குள் வலி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வந்தாலே அதிகம் என்போம். அவளுக்கு நடுவில் மூச்சுவிட இடைவெளியே இல்லை. வலியின் இடைவெளியில்தான் பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேரும். பிள்ளையின் இதயத்துடிப்பு விழ ஆரம்பித்தது. இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, கருப்பையைத் தளர்த்த ஊசி போட்டும் அடங்கவில்லை. அவசர சிசேரியன். பிள்ளை பிழைத்தது, சில நாள் ஐ.சி.யூ-வில் இருந்துவிட்டு வந்தது.

அத்தனைக்கும் காரணம் அந்த எண்ணெய்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ப்ராஸ்டின் தனியாகவே சிலருக்கு இப்படிச் செய்யும். ஆனால் விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் எப்படி வேலை செய்கிறது என்று 2012-இல் எலிகளில் ஆராய்ந்து பார்த்தார்கள். புரோஸ்டாகிளாண்டின் என்ற, வலியைத் தூண்டும் பொருளுக்கு என்று உடம்பில் இருக்கும் ஓர் ஏற்பி வழியாகத்தான் அது குடலையும் கருப்பையையும் சேர்த்து முடுக்குகிறது. ப்ராஸ்டின் என்பதே புரோஸ்டாகிளாண்டின். ஒரே கதவை இரண்டு பேர் தட்டினால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? ரும்புட் பாத்திமாவில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது, ஒரு ஃபிளாஸ்க்கில் எவ்வளவு இறங்கியது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

மருத்துவமனையில் எல்லாமே மணிக் கணக்கு. ப்ராஸ்டின் வைத்தால் அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது பொறுப்பார்கள். டிரிப் போடுவதற்கும் அப்படித்தான். டிரிப் மிஞ்சிவிட்டால் மூடிவிடலாம், கொஞ்ச நேரத்தில் வலி தணியும். வீட்டில் குடித்ததை மூட எந்தக் குழாயைத் திருகுவது? நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுடைய கணக்கு முதல் மணியிலிருந்தே தப்பு.

இதில் என்னால் இன்னும் பொறுக்க முடியாதது, அவளோடு இருந்த புது டூலாவுக்கு எல்லாம் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது அவங்க முடிவு மிஸ்ஸி, நான் எப்படித் தலையிடுறது?" என்றாள். குடிப்பது அவள் முடிவு, சரி. ராத்திரி என்ன குடித்தாள் என்று தெரியாமல் மறுநாள் மருந்து வைத்த டாக்டர் யார் முடிவில் வைத்தார்?

எதையும் குடிக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு. மீறிக் குடித்துவிட்டால் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மலாய் தடுமாறினால் இவ்வளவு போதும்: "மிஸ்ஸி, சாயா அடா மினும் ஆயேர் ரும்புட் பாத்திமா, மாலாம் தாடி." (நேற்று இரவு ரும்புட் பாத்திமா தண்ணீர் குடித்தேன்.) திட்டுவார்கள். திட்டட்டும். ப்ராஸ்டினைத் தள்ளி வைப்பார்கள், சி.டி.ஜி-யைக் கூடுதல் நேரம் ஓட்டுவார்கள்.

பனிக்குடத்தை வீட்டில் உடைப்பது

கூடவே கூடாது. தலை இறங்கிப் பொருந்தாத நேரத்தில் உடைத்தால் தொப்புள்கொடி முன்னால் வழுக்கி வந்துவிடலாம்.

ஏற்கெனவே சிசேரியன் ஆன வயிறு

விளக்கெண்ணெய், ரும்புட் பாத்திமா எதையும் வாயில் வைக்காதீர்கள். தையல் போட்ட கருப்பைக்கு ப்ராஸ்டின் வைக்கவே டாக்டர்கள் யோசிப்பார்கள்.

நட்சத்திரம் பார்த்து அட்மிட் ஆவது

ப்ராஸ்டின் வைத்தால் எத்தனை மணிக்குப் பிள்ளை வரும் என்று வைத்தவருக்கே தெரியாது. ஜோசியருக்கு எங்கே தெரியும்.

"உள்ளே இடமில்லை, அதனால் அசையவில்லை"

தப்பு. கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் அசைவு அட்டவணை இருக்கிறது, காலை ஒன்பது மணியிலிருந்து பத்து அசைவு எண்ண வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் இரவு ஒன்பது வரை உட்கார்ந்திருக்காமல் கிளம்புங்கள்.

எல்லா இண்டியூஸும் ஒன்றே என்று நினைப்பது

வீட்டுப் பிரசவம் கேட்டு வருகிறவர்கள் இண்டியூஸ் என்றாலே டிரிப், கட்டில், அலறல் என்று படம் போட்டுவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் கருப்பை வாய் எப்படி இருக்கிறது?" மென்மையாகிவிட்டதா, குட்டையாகிவிட்டதா, எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் போடும் மதிப்பெண்ணுக்கு பிஷப் ஸ்கோர் என்று பெயர். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை அதுதான் பாதி முடிவு செய்கிறது.

வீட்டில் பெற ஆசைப்படுகிறவர்களுக்கு மிக நெருங்கிய வழி ஸ்வீப். கருப்பை வாய் கொஞ்சம் திறந்திருந்தால், பரிசோதிக்கும்போதே விரலால் பனிக்குடத்தின் விளிம்பைச் சுற்றிப் பிரித்துவிடுவார்கள். வலிக்கும், கொஞ்சம் ரத்தம் படும், அப்புறம் வீட்டுக்குப் போய்விடலாம். மருந்து ஏதும் உள்ளே போகாததால் வலி தானாகத் தொடங்கினால் உங்கள் திட்டம் அப்படியே நிற்கும். டியூ டேட் அன்றே இதைக் கேளுங்கள். 41 தாண்டிய பிறகு ஓடி வந்து கேட்டால் வேலை செய்யவே நாள் இருக்காது. செய்பவர் டாக்டராகவோ பதிவு பெற்ற மருத்துவச்சியாகவோ இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் வந்ததே அதற்குத்தான். டூலா கையைப் பிடித்துக்கொள்ளலாம், இடுப்பைத் தேய்த்துவிடலாம். உள்ளே கைவைக்கக் கூடாது.

அடுத்தது ஃபோலி பலூன். குழாயின் நுனியில் உள்ள பலூனைக் கருப்பை வாய்க்கு மேலே வைத்துத் தண்ணீர் ஏற்றுவார்கள். அது அழுத்தி அழுத்தி, மூன்று சென்டிமீட்டர் அளவு திறந்ததும் தானாகக் கழன்று விழும். வலி மிஞ்சிப்போகும் பயம் ப்ராஸ்டினைவிடக் குறைவு. ப்ராஸ்டினோ டிரிப்போ போட்ட பிறகு வீட்டுக்குத் திரும்பிப் பெறலாம் என்ற எண்ணத்தை மறந்துவிடுங்கள். சி.டி.ஜி-யும் ஆபரேஷன் தியேட்டரும் பக்கத்தில் இல்லாமல் அந்த மருந்துகள் வேண்டாம். மூடிய கருப்பை வாயோடு போகும் முதல் பிள்ளைக்காரருக்கு இரண்டு, மூன்று நாள்கூட ஆகலாம். முதல் நாள் சாயங்காலமே "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று வீட்டிலிருந்து பத்து அழைப்பு வந்தால் அலுத்துப்போய் அவளே சிசேரியன் கேட்டுவிடுவாள். ஃபோனைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிங்க் புத்தகம் இல்லாமல் போய் நிற்பது

வீட்டில்தானே பெறப்போகிறோம் என்று கிளினிக் செக்கப்பைப் பாதியில் விட்டவர்கள், 41 வாரத்தில் பயந்துபோய் அவசரப் பிரிவுக்கு வருவார்கள். ரத்த வகை தெரியாது, ஹீமோகுளோபின் தெரியாது, முதல் ஸ்கேன் எங்கே என்று தெரியாது. எந்தத் தேதியை நம்பி இண்டியூஸ் செய்வது என்று டாக்டர் விழிப்பார். பிரசவம் வீட்டில்தான் என்றாலும் செக்கப்பை விடாதீர்கள். 36 வாரத்துக்குள் மருத்துவமனையிலும் பெயர் பதிந்து வையுங்கள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களா, டூலாவுக்கு அனுமதி உண்டா என்று அப்போதே கேட்டுவிடலாம். பல இடங்களில் கணவரா டூலாவா என்று ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டி வரும்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்த்துவிட்டு "இருபது நிமிஷம்தான் மிஸ்ஸி" என்று சொல்லும் தம்பிகளே, வேலை நாளில் மாலை ஆறு மணிக்கு ஜாலான் கூச்சிங் ஜாமில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.