நீலகிரியில் பழைய சின்ன வீடு: மழையில் போய்ப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் இரண்டு மூன்று சென்டில் நிற்கும் ஓட்டு வீட்டிலோ தகர வீட்டிலோ கூரை ஒழுகலாம், தரைப் பலகை உளுத்திருக்கலாம். பயப்பட வேண்டாம், அதைக் காட்டித்தான் விலையைக் குறைக்க முடியும். மண்ணும் பத்திரமும் கெட்டிருந்தால் மட்டும், விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வெயில் நாளில், புதிதாக வெள்ளையடித்த வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் போங்கள். கூடலூர், பந்தலூருக்கு ஜூன், ஜூலையில். 2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

வாசலைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டின் பின்புறம் போங்கள். மேட்டை வெட்டித்தான் வீடு கட்டியிருப்பார்கள். தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? அதில் விட்ட துளைகளில் மழை நேரத்தில் தண்ணீர் வடிந்தால் நல்லது. கொட்டும் மழையிலும் துளை காய்ந்து கிடந்தால் பெரும்பாலும் அது அடைத்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே ஏறி, சரிவுக்குக் குறுக்கே தரையில் விரிசல் ஓடுகிறதா, மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழி எங்கே என்று பாருங்கள். விரிசல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பழைய சுவர்கள் பலவும் மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டிய கருங்கல். அடியில் மூன்று அடி உயரம் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். விற்பவர் அதன்மேல் சிமென்ட் பூசி மறைத்திருப்பார். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஓதம் இன்னும் மேலே ஏறும், பூச்சு பொத்தலாகி உதிரும். விரலால் தட்டிப் பாருங்கள், சத்தம் காட்டிக்கொடுக்கும். வாங்கிய பிறகு முதல் வேலை மேட்டுப்பக்க வடிகால்: சுவரிலிருந்து 2 அடி தள்ளி, உள்தரைக்கு 1 அடி கீழே, 4 அங்குலத் துளைக் குழாய், சுற்றிலும் ஜல்லி, 100 அடிக்கு 1 அடி வாட்டம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் வீடே இறங்கும். குழாயின் வாயைக் கீழ்வீட்டுத் தடுப்புச் சுவர்மேல் திருப்பாதீர்கள். அடுத்துத்தான் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு. வரிசையை மாற்றினால் காசு இரண்டு முறை செலவாகும்.

சுவரில் மயிரிழை விரிசல் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக இறங்கும் விரிசலும், நிலையில் இடிக்கும் கதவும் சேர்ந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கூரைச் சட்டங்கள் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்து முழுசாகக் கழற்றுங்கள். உடைத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

வண்டி போகாத வீடு மலிவாகத்தான் கிடைக்கும். ஆனால் மணல், ஜல்லி, சிமென்ட் எல்லாம் தலைச்சுமைதான். அந்தக் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப் பத்திரத்தை நகலில் அல்ல, அசலில் பாருங்கள். ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) வரிசை வீடு என்றால் கூட்டுப் பட்டாவாக இருக்கலாம். கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பின் மகளுக்கும் சம பங்கு. கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலம் (பழைய நிலப்பிரபுக்கள் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டது) என்றால், கைமாறிய தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பட்டாவும் வீட்டுக் கடனும் எதிர்பார்க்க முடியாது. அரசு ஒப்படைத்த நிலமாக இருந்தால் நிபந்தனைகளைத் தாலுகா அலுவலகத்தில் படியுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரூ.10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் மிச்சம்.

மாடி எடுக்கும் ஆசை இருந்தால், நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. மண்ணில் கட்டிய சுவர் அதற்கும் முன்பே மறுத்துவிடும்.

குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. 1,000 லிட்டர் தொட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று அப்போதே அளந்துவிடுங்கள்.