"கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள்: நண்பர் எடுத்த படத்தைப் பார்த்துப் பேசுவது எப்படி?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் யாரிடமாவது ஒரு படத்தை நீட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது. முட்டத்துப் பாறையில் அலை தெறித்தாலும் கொள்ளாம், திற்பரப்பு அருவி என்றாலும் கொள்ளாம். அன்பாகச் சொல்கிற சொல்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு, நாளைக் காலையில் எங்கே போய் நிற்பது, எதை மாற்றுவது என்று ஒன்றும் தெரியாது. நான் மூன்று வருடம் அந்தச் சொல்லை மட்டுமே வாங்கிக்கொண்டு ஒரே மாதிரிப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நாகர்கோவிலில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடி, ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துப் பேசத் தொடங்கினோம். புதிதாகப் படமெடுக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்கலாம் என்று இங்கே எழுதுகிறேன். விலையுயர்ந்த கேமரா வேண்டாம். எங்களில் இரண்டு பேர் செல்போனில்தான் எடுக்கிறார்கள்.

படி 1: ஆளுக்கு ஒரு படம்

நான்கைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் கடைசி ஆளின் படத்துக்கு யார் கண்ணிலும் தெம்பு இருக்காது. ஆளுக்கு ஒரு படம்தான் கொண்டுவர வேண்டும். எடுத்த நாற்பதில் இந்த ஒன்று ஏன் என்று யோசிப்பதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. உங்களுக்கு முழுத் திருப்தி தந்த படத்தைக் கொண்டுவராதீர்கள். "இதில் ஏதோ இருக்கிறது, ஆனால் வரவில்லை" என்று உறுத்துகிற படம்தான் இந்தக் கூட்டத்துக்கு ஏற்றது.

படி 2: எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும்

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறனின் அளவு) போன்ற விவரங்களும் கூடவே வந்து சேரும், பின்னால் அவை தேவைப்படும். போனில் லொகேஷன் போட்டிருந்தால் எடுத்த இடமும் சேர்ந்தே போகும் என்பதால், வீட்டில் எடுத்த படங்களில் கவனம். ஆளாளுக்குத் தன் போனில் பார்த்தால் ஒருவருக்கு வெளிச்சம், இன்னொருவருக்கு இருட்டு. ஒரே லேப்டாப்பில் பாருங்கள், அல்லது 4×6 பிரிண்ட் போட்டுவிடுங்கள். நான் பிரிண்டைத்தான் விரும்புவேன். மேசையில் கிடக்கிற படத்தை யாரும் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது.

படி 3: ஒரு நிமிடம் மௌனம், பிறகு கண்டதை மட்டும்

படத்தை வைத்த பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. எடுத்தவரும்தான். அதன்பின் ஒவ்வொருவராகத் தன் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது என்று சொல்ல வேண்டும். நன்று, நன்றில்லை என்ற பேச்சே இப்போது வேண்டாம்.

யார் முதலில் பேசுவது? இருப்பதில் இளையவர். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் "அண்ணன் சொன்னதுதான்" என்று தலையாட்டிவிடுகிறார்கள். அண்ணன் தவறாகப் பார்த்திருந்தாலும் அப்படித்தான். வயதுக்குத் தர வேண்டிய மரியாதையை அவருக்குக் கடைசிச் சொல்லாகக் கொடுங்கள்.

ஒரு உதாரணம். எங்களில் ஒரு தங்கை தோவாளைப் பூச்சந்தையில் விடிகாலையில் எடுத்த படம் கொண்டுவந்தார். ஒரு அம்மா தராசில் பிச்சிப்பூ நிறுத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் கேந்திப்பூக் (செண்டுமல்லி) குவியல், பின்னால் கடையின் ட்யூப்லைட். முதல் ஆள், "கண்ணு முதல்ல லைட்டுக்குப் போவுது" என்றார். இரண்டாமவரும் லைட் என்றார். நான் கேந்தி என்றேன். நான்காமவர், "லைட்டு, பொறவு கேந்தி" என்றார். அந்த அம்மாவின் முகத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. படத்தை எடுத்ததோ அந்த முகத்துக்காக. யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் தங்கைக்கு என்ன நடந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. கண் வெளிச்சமான இடத்துக்கும் பளிச்சென்ற நிறத்துக்கும்தான் முதலில் ஓடும். நேரில் நிற்கும்போது நம் மனம் முகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்வதால், இது அந்த இடத்தில் நமக்குத் தெரிவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நான்கைந்து வாரம் இந்த ஒரு படியை மட்டும் செய்தாலே போதும் என்பேன்.

படி 4: எடுத்தவர் ஒரு வாக்கியம் சொல்லட்டும்

"நான் இதில் காட்ட நினைத்தது இது." அவ்வளவுதான். இதைக் கேட்காமல் குறை சொன்னால் தவறாகப் போகும். சங்குத்துறைக் கடற்கரைப் பக்கம் கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கிறவர்களை எதிர்வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்து, முகமெல்லாம் கறுத்துப்போச்சே என்றேன். எடுத்தவருக்கு முகம் வேண்டாம். கயிற்றோடு சாய்ந்து நிற்கும் உடல்களின் வரிசைதான் வேண்டும். அப்படியானால் வானத்தின் வெளிச்சத்துக்குக் கேமராவில் அளவு வைத்து ஆட்களை நிழலுருவாக விட்டது சரி. குறை வேறு இடத்தில் இருந்தது. இரண்டு பேரின் உருவம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நான்கு காலுள்ள ஒரே ஆள்போல் தெரிந்தது. நிழலுருவில் ஆளுக்கும் ஆளுக்கும் இடையே கொஞ்சம் வானம் தெரிய வேண்டும்.

படி 5: கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள்

நின்ற இடமா, எடுத்த நேரமா, கேமராவில் வைத்த அளவா? புதியவர்கள் உடனே கேமராவைக் குற்றம் சொல்வார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி நின்ற இடம்தான்.

பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் 28 தூண்களோடு நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால், தூண்கள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாயும். கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பதால் வருவது இது. தள்ளிப் போய்க் கேமராவை மட்டமாகப் பிடித்தால் நிமிர்ந்துவிடும். அல்லது தூணுக்கு அடியிலேயே நின்று, வேண்டுமென்றே சாய்த்தது என்று தெரியும்படி எடுக்கலாம். லேசான சாய்வுதான் தப்பாகத் தெரியும்.

படம் மங்கல் என்றால் எந்த மங்கல் என்று கேளுங்கள். முழுப்படமும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. தூரத்தை இழுத்துக் காட்டும் 200 எம்.எம். லென்ஸில் ஷட்டர் வேகத்தை 1/200 நொடியைவிட மெதுவாக்காமல் இருப்பது பழைய பாதுகாப்புக் கணக்கு. ஆள் மட்டும் கலங்கி, பின்புலம் தெளிவாக இருந்தால் ஷட்டர் வேகம் ஆளின் வேகத்துக்குப் போதவில்லை. முகம் மங்கலாகவும் பின்னால் உள்ள சுவர் கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் நேர்மாறாக நடக்கும். 1/1000-ல் எடுத்தால் இறக்கைகள் அசையாமல் நின்று, காற்றே இல்லாத ஊர்போல் தெரியும். வெளிச்சம் குறைந்த காலை நேரத்தில் ஸ்டாண்டில் வைத்து 1/15 வரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேந்தி, செவ்வரளி போன்ற அடர்நிறப் பூக்களில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழியும். படம் இருட்டாக இருந்தாலும் இதழின் மடிப்புகள் மறைந்து ஒரே அப்பலாகிவிடும். வெளிச்சத்தை அரை ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அளவில் அரைப் படி) குறைத்தால் மடிப்புகள் திரும்ப வரும்.

கடல் கோடு சாய்ந்திருந்தால் ஒரு சொல் சொல்லிவிட்டு நகருங்கள். போனில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

படி 6: அட்டையால் வெட்டிப் பாருங்கள்

பழைய காலண்டர் அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, எதிரெதிராகப் பிரிண்டின்மேல் வைத்து நகர்த்துங்கள். எதை விட்டால் படம் இறுகுகிறது, எதை விட்டால் செத்துப்போகிறது என்பது அங்கேயே தெரியும்.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஒருவர் திருவள்ளுவர் சிலையை நெருக்கமாக எடுத்திருந்தார். படச்சட்டம் பீடத்தின் பாதியில் முடிந்தது. ஏதோ சரியில்லை என்று நாங்கள் அட்டையை நகர்த்திக்கொண்டிருந்தபோது, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்தவர் சொன்னார்: "பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும். அறத்தின் மேலேதான் மற்றது நிக்குது. பாதியில அறுத்தா அந்தரத்துல தொங்காதா?" படத்துக்குள் இருந்த கோளாறும் சரியாக அதுதான். வெட்டினால் தயங்காமல் வெட்ட வேண்டும். பீடமும் சிலையும் சேர்ந்த 133 அடியையும் பாறையோடு எடுங்கள், அல்லது மூன்று விரல் காட்டும் கையை மட்டும் எடுங்கள். லென்ஸைப் பற்றி மட்டும் தெரிந்தவரால் இந்த விமரிசனத்தைச் சொல்லியிருக்க முடியாது. எடுத்த பொருளைத் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருப்பது பெரிய பலம்.

படி 7: சொல்கிற விதமும் கேட்கிற விதமும்

"உனக்கு லைட் பார்க்கவே தெரியலடே" என்று சொன்னால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். "படத்தில் இடதுபக்கம் வெளிச்சம் கூடுதல், ரெண்டடி வலப்பக்கம் நின்னிருந்தா?" என்று கேளுங்கள். ஆளை விட்டுவிட்டுப் படத்தைப் பேசுங்கள். பிடித்திருந்தால் எது பிடித்தது, ஏன் என்று அதே அக்கறையோடு சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு கூட்டத்தில் ஒரு மாற்றம் போதும்.

கேட்கிறவர் விளக்கம் சொல்லக்கூடாது. "அங்க ஒரே கூட்டம்", "அதுக்குள்ள மழை வந்துட்டு" என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பார்க்கிறவர் கையில் படம் மட்டுமே இருக்கிறது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பாததையும் எழுதுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் அது நிச்சயம் அங்கே இருக்கிறது.

படி 8: அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள்

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் பேச்சாகவே நின்றுவிடும். தள்ளிப்போடாதீர்கள். ஜூனில் வடகிழக்கே எழும் சூரியன் டிசம்பரில் தென்கிழக்கே போய்விடும், ஆகவே இன்று பாறைக்குப் பக்கத்தில் பார்த்த உதயம் இரண்டு மாதம் கழித்து அங்கே இருக்காது. ஆட்களை எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்தத் தங்கை அடுத்த வாரமே பிரிண்டோடு தோவாளைக்குப் போனார். பூக்கார அம்மா படத்தை வாங்கி, லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "மக்களே, பூவெல்லாம் இருக்கு, எம் மொகத்தக் காணலியே" என்றாராம். பிறகு அவரே கேந்திக் கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு, தராசோடு லைட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். தங்கை லைட்டுக்கு முதுகு காட்டி நின்று எடுத்த அந்த இரண்டாவது படத்தில், எங்கள் ஐந்து பேர் கண்ணும் முதலில் போனது முகத்துக்கு.