ராப்பலகை செய்யலாம், துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கலாம்

நடுவில் துளை போட்ட ஒரு சின்ன மரத்துண்டு, துளையில் கோத்த நூல், நூலில் சில முடிச்சுகள். கடலில் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்று பார்க்க மாலுமிகள் வைத்திருந்த ராப்பலகை அவ்வளவுதான். அரபு மாலுமிகளிடம் இதன் பெயர் கமால். 1850-இல் சோழமண்டலக் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி எழுதிய காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி இதையும் விவரித்திருக்கிறார். துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை. அதை எண்ணாக எழுதிவைக்காமல், ஊருக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்தார்கள்.

நான் ராமேஸ்வரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். முக்கோணவியலை இதைவிட மலிவாகச் சொல்லித்தர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தச்சுப்பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத்துண்டு போதும். உயரம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ., தடிமன் அரை செ.மீ.க்குள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நேராகவும் இணையாகவும் இருக்க வேண்டும். மற்றபடி அழகு தேவையில்லை. சரியாக நடுவில் துளை போட்டு, நூலைக் கோத்துப் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் அளவு மாறும். வலை பின்னுகிற முறுக்கு நூல் நல்லது.

இனி முடிச்சு எங்கே? பலகை உயரத்தில் பாதியை, அட்சரேகையில் பாதியின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் பலகையிலிருந்து முடிச்சுக்கு உள்ள தூரம் கிடைக்கும். எங்கள் ஊர் 9.28 டிகிரி. 4-ஐ டேன் 4.64-ஆல் வகுத்தால் 49.3 செ.மீ. இதே பலகைக்கு இலங்கையின் பருத்தித்துறை 46.5, நாகப்பட்டினம் 42.4, சென்னை 34.9, கன்னியாகுமரி 56.6. வடக்கே போகப்போக முடிச்சு பலகையை நெருங்கும். முடிச்சை இறுக்கியபிறகு மறுபடி அளந்து பாருங்கள், ஏனென்றால் முடிச்சே கொஞ்சம் நூலைத் தின்றுவிடும். எங்கள் முடிச்சு ஒரு செ.மீ. தள்ளிப்போனால் கடலில் அது சுமார் 20 கி.மீ. பிழை.

ஆனால் இந்தக் கணக்கு கண்ணிலிருந்து அளப்பது. பார்க்கும்போதோ முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நூலை விறைப்பாக நீட்டுவோம். பல்லுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கணக்குப் போட்ட இடத்தில் லேசாகப் பேனாவால் குறித்துக்கொண்டு, கரையில் நின்று நட்சத்திரத்தைப் பார்த்து உண்மையான முடிச்சைப் போடுவதே மேல். தெரிந்த துறையில் நின்று முடிச்சுப் போட்டுவிட்டால் பல், கண், பலகையின் குறை எல்லாம் அந்த முடிச்சுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால்தான் பிள்ளைகளிடம் பலகையை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

வடக்கே கடல் தெரிகிற இடமாகப் பாருங்கள். சென்னை மெரினாவில் நின்றால் வடக்கே கரைதான் வரும். ராமேஸ்வரம் தீவின் வடகரை, ஓலைக்குடா பக்கம், இதற்கென்றே அமைந்த மாதிரி. நட்சத்திரமும் தெரிய வேண்டும், தொடுவானமும் தெரிய வேண்டும் என்பதால் சூரியன் மறைந்து அரைமணி நேரம் போல் கழித்து வரும் அந்தக் கொஞ்ச நேரம்தான் வேலைக்கு ஆகும். நிலவு வெளிச்சம் இருந்தால் அப்புறமும் பார்க்கலாம்.

சப்தரிஷி மண்டலத்தின் முன்விளிம்பு நட்சத்திரங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு நினைத்து, அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவம் கிடைக்கும். ரொம்பப் பிரகாசமாக எதிர்பார்க்காதீர்கள். நம் ஊரில் தாழ்வாகத்தான் இருக்கும். அடிவானத்து மூட்டம் பல நாள் அதை மறைத்துவிடும்.

முடிச்சைக் கடித்து, கையை நீட்டி நூலை விறைப்பாக்குங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பலகையின் கீழ் விளிம்பைக் கடல் கோட்டில் உட்காரவையுங்கள். நட்சத்திரம் மேல் விளிம்பைத் தொட்டால் அந்த முடிச்சுக்குரிய ஊரின் அட்சரேகையில் இருக்கிறீர்கள். விளிம்புக்கு மேலே இடைவெளி விட்டு நின்றால் வடக்கே வந்துவிட்டீர்கள். பலகைக்குப் பின்னால் ஒளிந்தால் தெற்கே. கிழக்கு மேற்கை இது சொல்லாது. அதனால் மாலுமிகள் முதலில் ஊரின் அட்சரேகைக்கு வந்து, அதை விடாமல் கிழக்காகவோ மேற்காகவோ ஓட்டிக் கரை சேர்ந்தார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் சரியாக வானத்தின் வட துருவப் புள்ளியில் இல்லை, சுமார் 0.6 டிகிரி தள்ளி அதைச் சுற்றுகிறது. ஜனவரி முன்னிரவில் புள்ளிக்கு மேலே இருக்கும், ஜூலை முன்னிரவில் கீழே. ஜனவரியில் போட்ட முடிச்சை ஜூலையில் பிடித்தால் ஒரு டிகிரிக்கு மேல், அதாவது 130 கி.மீ. அளவுக்கு ஏமாற்றும். 15-ஆம் நூற்றாண்டில் விலகல் மூன்று டிகிரிக்கும் அதிகம். இப்னு மாஜித் போன்ற அரபு வழிகாட்டிகள் மற்ற நட்சத்திரங்களின் நிலையைப் பார்த்துத் திருத்தினார்கள். நமக்குச் சுலப வழி: ஏப்ரல் கடைசியில், மாலை ஏழு மணியை ஒட்டி முடிச்சுப் போடுங்கள். அப்போது நட்சத்திரம் துருவப் புள்ளியின் மட்டத்திலேயே இருக்கும். பள்ளிக்கு லீவு வேறு.