சாவி வாங்குமுன் உள்வேலையைச் சோதித்தல்

பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ புதிய அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள், காலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும் நேரத்தில் போவது நல்லது; சுவரில் பட்டி (வண்ணம் அடிக்குமுன் இழுக்கும் பூச்சு) சீராக இழுக்கப்படாத மேடுபள்ளம் அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் கொட்டி, அது முழுவதும் வடிகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிறகு ஒரு நாணயத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். வெற்றுப் பானையைத் தட்டினாற்போல் ஓசை எழுந்தால், அதன் அடியில் கலவை முழுதாகப் பிடிக்கவில்லை என்று பொருள். எங்கள் சமையலறை வாசலில் ஒரு கல்லை மட்டும் தட்டாமல் விட்டிருந்தேன். அம்மியை இறக்கிவைத்த அன்றே அது விரிசல் விட்டது.

அலமாரியின் பளபளப்பில் மயங்காமல், கதவைத் திறந்து கீல் பொருத்திய இடத்தில் உட்பலகையைப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும் என்பதால், சிங்க்குக்குக் கீழே மட்டுமாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரமுத்திரையுள்ள மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் கட்டடமென்றால், குழாய்களின் வாயில் வெள்ளைப் படிவு உண்டா என்பதும் முக்கியம். சுவிட்சுகளை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

கண்ட குறைகளைப் படத்துடன் எழுத்தில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் வேலைத்தரக் குறையைக் கட்டுநர் 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.